கல் இல்லாத கோயிலும் கல் உள்ளவர்களின் கடனும்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயிலில் ஆவடி, பட்டாபிராம் தாண்டினால் திருநின்றவூர் வரும். வைணவர்களுக்கு அது பக்தவத்சலப் பெருமாளும் என்னைப் பெற்ற தாயாரும் எழுந்தருளியிருக்கும் திவ்ய தேசம். சைவர்களுக்குப் பூசலார் நாயனாரின் ஊர். சுந்தரர் தம் தொண்டர் வரிசையில் பூசலாரை ஊர்ப் பெயரோடு சேர்த்தே சொல்கிறார். சேக்கிழார் அந்தப் பெயரை விரித்துக் கதையாக்கினார். சிவனுக்கு ஒரு கோயில் எழுப்ப ஆசைப்பட்ட ஏழை அந்தணர், பொருள் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே கோயிலைக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எழுப்பிய கற்றளிக்கு நாள் வைத்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை நாம் நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குள் புகப் போகிறோம், உன் காரியத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள் என்றார். மன்னன் ஊருக்கு வந்து விசாரித்தான். அப்படியொரு கோயிலை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போது நாம் வழக்கமாக ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறோம்: உள்ளம் இருந்தால் போதும், பொருள் எதற்கு? கல்லைவிட மனம் பெரிது, மன்னனைவிட ஏழை பெரியவர். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முடிவு யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடுகிறது. கல் கிடைக்காமல் மனத்தில் கட்டியவர் ‘இது போதும்’ என்று சொன்னால் அது பக்தி. கல்லை வைத்திருப்பவர் அவரைப் பார்த்து ‘உமக்கு அது போதுமே’ என்று சொன்னால் அது கை விரிப்பு. மனக்கோயில் மெய்யானது என்பதிலிருந்து கற்கோயில் தர வேண்டிய கடமை தீர்ந்தது என்ற முடிவு பிறக்காது. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாழ்க்கை வேண்டும். கோயில் சம்பந்தமில்லாத வாழ்க்கையாக இருந்தால் இன்னும் நல்லது. பழகிய பக்திச் சொற்கள் நம்மை ஏமாற்றாமல் இருக்கும். அதற்காகவே சென்னையில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த சாந்தா ரங்கசாமியை எடுத்துக்கொள்கிறேன். இந்தியப் பெண்கள் அணிக்கு டெஸ்ட் கிரிக்கெட்டில் முதல் தலைவர் அவர்.

முதலில் கதைக்குள்ளேயே இருக்கும் சாட்சியங்களைப் பார்க்கலாம். பூசலார் பொருளை வெறுத்தவர் அல்லர். அவர் முதலில் செய்தது பொருள் தேடி அலைந்ததுதான். எங்கும் கிடைக்காமல் வருந்திய பிறகே மனத்தில் கட்டத் தொடங்குகிறார். அதாவது, மனக்கோயில் அவருடைய முதல் தேர்வு அன்று, மறுக்கப்பட்டவரின் வழி. இரண்டாவது, அவர் கட்டியது பகற்கனவும் அன்று. செல்வத்தையும் தச்சரையும் நினைவிலேயே திரட்டுகிறார். ஆகம முறைப்படி நல்ல நாளில் அடித்தளம் இடுகிறார். இரவிலும் கண் துஞ்சாமல் வேலை நடக்கிறது. உபானம் முதல் சிகரம் வரை அளவு பிசகாமல் எழுகிறது. சுதை வேலை முடிகிறது. கிணறும் மதிலும் குளமும்கூட அமைகின்றன. மனத்தில்தானே என்று ஒரு படியையும் அவர் தாண்டவில்லை. கற்பனையில் குளம் வெட்டுகிறவர் அதை ஒரே நாளில் வெட்டிவிடலாமே! அவர் நெடுநாள் எடுத்துக்கொள்கிறார். மூன்றாவது சாட்சியம்தான் எனக்கு முக்கியம். கனவு மன்னனுக்கு வருகிறது. பூசலாருக்கு இறைவன் செய்தி எதுவும் அனுப்பவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் கல்லை வைத்திருப்பவனிடம்தான். அதுவும் என்ன சொல்கிறார்? உன் கோயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைத் தள்ளி வை என்கிறார். கற்றளி தள்ளிவைக்கப்படுகிறது, தள்ளப்படவில்லை. அந்த மன்னனை இராசசிம்மன் என்றும், அந்தக் கற்றளியைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் என்றும் கொள்வது வழக்கம். 1,300 ஆண்டுகளாக அது நிற்கிறது, பூசையும் நடக்கிறது. கல்லுக்கும் மனத்துக்கும் பகை என்று இந்தக் கதை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

இனி அந்த இன்னொரு கோயிலுக்கு, சாந்தா ரங்கசாமியின் கிரிக்கெட்டுக்கு வருவோம். இந்தியாவில் பெண்கள் கிரிக்கெட்டுக்கென்று ஒரு சங்கம் 1973-இல்தான் தோன்றியது. ஆண்களின் கிரிக்கெட்டை நடத்திய வாரியத்துக்கும் அதற்கும் உறவில்லை. மைதானம், பயணச் செலவு, தங்குமிடம், மட்டை என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டே வாங்க வேண்டியிருந்தது. முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் பயணம், விடுதிக் கூடங்களிலும் பள்ளி அறைகளிலும் தூக்கம், தோளில் படுக்கைச் சுருட்டு, பகிர்ந்துகொள்ளும் மட்டைகள். அந்தத் தலைமுறை வீராங்கனைகள் பலரும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த நிலையில் 1976-இல் மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் அணி வந்தது. ஆறு டெஸ்ட் போட்டிகள். முதலாவது பெங்களூரில், இரண்டாவது சென்னையில். (பெங்களூர் - சென்னை ரயில் பாதை திருநின்றவூர் வழியாகத்தான் போகிறது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.) நவம்பர் மாதம் பாட்னாவில் நடந்த நான்காவது டெஸ்டில் இந்தியா ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. இந்தியப் பெண்களின் முதல் டெஸ்ட் வெற்றி அது. அணித் தலைவருக்கு வயது 22. 1977 ஜனவரியில் நியூசிலாந்தின் டுனிடின் நகரில் அவர் 108 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் போட்டியில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம் அதுதான். அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண் கிரிக்கெட் வீரரும் அவரே. 16 டெஸ்டுகளில் ஆடி, 12-இல் தலைமை தாங்கினார். 750 ஓட்டங்கள், மிதவேகப் பந்துவீச்சில் 21 விக்கெட்டுகள்.

இதில் மனக்கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மையான மைதானம், உண்மையான பந்து, ஓட்டப் பலகையில் எண்கள், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவைதானே? தெரிந்தவைதான். ஆனால் ஒரு டெஸ்ட் அணி என்பது ஓட்டப் பலகையில் இருப்பது மட்டுமன்று. இதற்குமுன் இந்த நாட்டில் எந்தப் பெண்ணும் ஆடியிராத ஆட்ட வடிவத்தில் எப்போது வேகத்தை நிறுத்திச் சுழலைக் கொண்டுவருவது, ஸ்லிப்பில் எத்தனை பேரை வைப்பது, நாள் முழுதும் வெயிலில் நின்றவர்களை மறுநாள் காலை எப்படி எழுப்புவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு முன்னோடி இல்லை. பின்பற்ற ஒரு மரபு இருப்பதுபோல நினைத்துக்கொண்டு அந்த மரபின் முதல் வரியை எழுத வேண்டும். அதோடு, வாரியம் இருப்பதுபோலவே ஒழுங்காகப் பயிற்சி எடுக்க வேண்டும். சம்பளம் இருப்பதுபோலவே உடலைப் பேண வேண்டும். நாளைக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கிறது என்பதுபோலவே இன்றைய டெஸ்டை ஆட வேண்டும். ஒரு படியையும் தாண்டாமல் மனத்தில் கோயில் கட்டுவது இதைத்தான் ஒத்திருக்கிறது. இல்லாததை இருப்பதாகப் பாவிப்பவர் இரண்டு வகை. ஒருவர் பாவித்து ஓய்ந்துவிடுவார். மற்றவர் பாவித்ததற்கு ஏற்ற உழைப்பை முழுதாகச் செலுத்துவார். பூசலார் இரண்டாம் வகை. 1976-இன் அந்த அணியும் இரண்டாம் வகை.

ஒரு மறுப்பு உடனே எழும். நாயனாரையும் விளையாட்டு வீரரையும் ஒரே மூச்சில் சொல்வது முறையா? பக்தி எங்கே, பந்தாட்டம் எங்கே? இதற்குப் பெரியபுராணமே பதில் வைத்திருக்கிறது. அதில் குயவரும் வண்ணாரும் மீனவரும் செக்காட்டுபவரும் தத்தம் தொழில் வழியாகவே தொண்டரானார்கள். திருநின்றவூரிலிருந்து சிறிது தூரத்தில், பூந்தமல்லிக்குப் பக்கத்திலிருக்கும் திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனாரோ சூதாடினார். அடியாருக்கு அமுதிடக் கைப்பொருள் தீர்ந்தபோது, தாம் கற்ற சூதாட்டத்தால் பொருள் ஈட்டி, அதைத் தாமும் தொடாமல் அடியாருக்கே ஆக்கினார். இழிவென்று ஊர் ஒதுக்கும் ஆட்டத்தையே தொண்டாக ஏற்றுக்கொண்ட மரபு, மட்டையும் பந்தும் என்றதும் மிரண்டுவிடாது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சாந்தா ரங்கசாமியை நாயனார் என்று நான் சொல்லவில்லை. உயிரோடிருக்கும் ஒருவரைத் தெய்வத்தின் பக்கத்தில் நிறுத்துவது அவருக்கும் நல்லதில்லை, தெய்வத்துக்கும் நல்லதில்லை. நான் ஒப்பிடுவது உழைப்பின் வடிவத்தை. உழைப்பவருக்கும் வசதி வைத்திருப்பவருக்கும் இடையே இருக்கும் உறவை.

அடுத்தது பற்றின்மை பற்றிய மறுப்பு. பூசலார் தமக்கென எதுவும் கேட்கவில்லை, விளையாட்டு வீரர் வெற்றியைக் கேட்கிறாரே என்பார்கள். பூசலாருக்கும் ஓர் ஆசை இருந்தது. அந்தக் கோயிலில் இறைவன் குடிபுக வேண்டும் என்பது. கட்டியது கோயிலாக நிறைய வேண்டும் என்ற விருப்பம் அது. ஆட்டம் ஆட்டமாக நிறைவது வெல்ல முயல்வதால்தான். தோற்றாலும் சரி என்று ஆடுபவர் எதிரணியையும் அவமதிக்கிறார். விருப்பத்தைக் குறையாகப் பார்த்தால் பெரியபுராணத்தில் ஒருவரும் தேறமாட்டார்கள்.

மூன்றாவது மறுப்பு இவற்றைவிட வலிமையானது. நல்ல மனம் படைத்தவர்களே அதைச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் பணமில்லை, அதனால்தான் அந்த ஆட்டத்தில் தூய்மை இருந்தது. ரயில் தரையில் உட்கார்ந்து போனவர்களுக்கு இருந்த பற்று இன்று விமானத்தில் போகிறவர்களுக்கு உண்டா? வறுமை பக்தியைப் புடம் போடுகிறது, வசதி அதைக் கெடுக்கிறது. பூசலாருக்குப் பொன் கிடைத்திருந்தால் இன்னொரு கற்கோயில்தானே எழும்பியிருக்கும், இந்தக் கதை பிறந்திருக்குமா? உண்மைதான், கதை பிறந்திருக்காது. ஆனால் நமக்கு ஒரு நல்ல கதை வேண்டும் என்பதற்காக ஒருவர் வருந்தியிருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில் ஒப்புமை முறிகிறது. முறியும் இடத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மனத்தில் கட்டும் கோயிலுக்கு வயதாவதில்லை. பூசலார் அறுபதிலும் கட்டலாம், எண்பதிலும் கட்டலாம். கிரிக்கெட் உடலில் குடியிருப்பது. அதற்குக் கண்ணும் தோளும் முழங்காலும் வேண்டும், அவை சில ஆண்டுகளே வரும். 1977 ஜனவரியில் பெர்த்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய பிறகு, இந்தியப் பெண்கள் அணி மீண்டும் ஒரு டெஸ்ட் ஆடியது 1984 ஜனவரியில். ஏழு ஆண்டுகள்! சாந்தா ரங்கசாமி 1954-இன் முதல் நாளில் பிறந்தவர். சதம் அடித்த மாதத்தில் அவருக்கு 23 வயது. அடுத்த டெஸ்டுக்குத் தலைமை தாங்கியபோது 30. ஒரு மட்டையாளரின் வாழ்வில் 23-க்கும் 30-க்கும் நடுவில் இருப்பது என்ன என்று கிரிக்கெட் பார்க்கும் எவருக்கும் தெரியும். கவாஸ்கருக்கோ டெண்டுல்கருக்கோ அந்த ஏழு ஆண்டுகளை எடுத்துவிட்டு மீதியை எண்ணிப் பாருங்கள். எந்தத் தூய்மையும் அந்த ஏழு ஆண்டுகளைத் திருப்பித் தராது. வறுமை அவரைப் புடம் போட்டது என்று சொல்வது, அந்தச் சூட்டில் எரிந்துபோனதைக் கணக்கில் சேர்க்காத பேச்சு. 12 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கினார் என்று பெருமையோடு எழுதுகிறோம். முதல் எட்டு மூன்று மாதங்களுக்குள் முடிந்துவிட்டன, கடைசி நான்கு ஏழு ஆண்டு கழித்து வந்தன என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த 12-க்கு முழுப் பொருள் கிடைக்கும்.

இன்னொரு மறுப்பு நடைமுறை அறிந்தவர்களுடையது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? பெண்கள் கிரிக்கெட் வேறு சங்கத்தின் பொறுப்பாக இருந்தது. பார்க்க ஆளில்லை, விளம்பரம் தர ஆளில்லை. இல்லாத காசை எங்கிருந்து கொண்டுவருவது? பார்க்க ஆளில்லை என்பதை 1976-ஆம் ஆண்டே பொய்யாக்கிவிட்டது. பாட்னாவில் அரங்கு நிறையக் கூட்டம் இருந்தது. ஆள் வந்தார்கள், அதற்குப் பிறகு ஆட்டம்தான் வரவில்லை. வேறு சங்கம் என்ற வாதத்துக்குப் பதில் இன்னும் அண்மையில் கிடைக்கிறது. 2006-இல் பெண்கள் கிரிக்கெட்டை இந்தியக் கிரிக்கெட் வாரியமே ஏற்றுக்கொண்டது. உலகிலேயே பணக்கார வாரியம். அதே ஆண்டு இங்கிலாந்தின் டான்டனில் நம் பெண்கள் ஒரு டெஸ்டை வென்றார்கள். அடுத்த டெஸ்ட் 2014 ஆகஸ்டில். இந்த முறை எட்டு ஆண்டுகள். கல் இல்லாத காலத்தில் ஏழு ஆண்டு இடைவெளி, கல் குவிந்திருந்த காலத்தில் எட்டு ஆண்டு இடைவெளி. பணமின்மை முதலாவதைப் பாதி விளக்கலாம். இரண்டாவதைக் கொஞ்சமும் விளக்காது. அங்கே குறைந்தது கனவு. மன்னனுக்கு வந்ததே, அது. தன் கற்றளிக்குக் குறித்த நாளை, இன்னொருவருக்காகத் தள்ளிவைக்க வேண்டும் என்ற எண்ணம். கிரிக்கெட்டில் நாள் என்றால் அட்டவணை. ஆண்டு முழுவதும் ஆண்களின் ஆட்டங்களால் நிறைந்துகிடக்கும் அட்டவணையில் நான்கு நாள் ஒழித்துக் கொடுக்க எட்டு ஆண்டுகள் யாருக்கும் தோன்றவில்லை. தவிர, அந்தக் கல் முழுக்க மன்னனுடையதும் அன்று. காஞ்சியின் கற்றளிக்கு எழுந்த பொருளில் தொண்டை மண்டலத்து ஊர்கள் கட்டிய வரியும் இருந்திருக்கும். சேப்பாக்கம் அரங்கம் நிற்பதும் அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில்தான். பொது நிலத்தில் நிற்கும் கோயிலில் இடம் கேட்பவர் தானம் கேட்கவில்லை.

அண்மைக் காலத்தில் கனவு வந்திருக்கிறது. 2017-இல் வாரியம் தன் வாழ்நாள் சாதனை விருதைப் பெண்களில் முதலாவதாகச் சாந்தா ரங்கசாமிக்கு அளித்தது. பாட்னா வெற்றிக்கு அப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. 2019-இல் முன்னாள் வீரர்களின் பிரதிநிதியாக வாரியத்தின் உயர்மட்டக் குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022 அக்டோபரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்ட ஊதியம் என்று வாரியம் அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நம் பெண்கள் 6 விக்கெட்டுக்கு 603 ஓட்டங்கள் குவித்தார்கள். பெண்கள் டெஸ்டில் எந்த அணியும் அதுவரை தொடாத எண்ணிக்கை. ஷபாலி வர்மா 205. 1976-இல் சாந்தாவின் அணி ஆடிய அதே ஊர், 48 ஆண்டுகள் கழித்து. 2025 நவம்பரில் ஹர்மன்பிரீத் கவுரின் அணி நவி மும்பையில் உலகக் கோப்பையை வென்றது. இவற்றை ஒரு தலைமுறைக்குக் கிடைத்த பரிசாகப் பார்க்கிறோம். பழைய கடனின் ஒரு தவணையாகவும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடன் கொடுத்தவர்களிடமே அது போய்ச் சேரவில்லை என்ற வருத்தமும் அதில் கலந்திருக்கிறது. 22 வயதில் மட்டை பிடித்தவர்களுக்கு 65 வயதில் மைதானம் திறந்துவிடுவது நீதிதான், ஆனால் அது வேறு யாருக்கோ கிடைக்கும் நீதி.

திருநின்றவூர்க் கதையில் மன்னனைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவன்மேல் மரியாதை உண்டு. கனவை ஒதுக்கிவிட்டுத் தன் விழாவை நடத்தியிருக்கலாம், யார் கேட்பார்? ஆட்களை அனுப்பிப் பூசலாரைக் காஞ்சிக்கு அழைத்துவரச் செய்து, சபையில் பொன்னாடை போர்த்தியும் இருக்கலாம். அவன் நேரே புறப்பட்டு வந்தான். ஊரார் தெரியாது என்று சொன்ன பிறகும் திரும்பிப் போகாமல் அந்த மனிதர் யாரென்று கேட்டுத் தேடினான். கோயில் எங்கே என்று அவரிடமே கேட்டான். பூசலார் முதலில் மருண்டார், பிறகுதான் நடந்ததைச் சொன்னார். தாம் செய்தது ஒருவருக்கும் தெரியாது என்றே அதுவரை நினைத்திருந்தவர் அவர். மன்னன் நிலத்தில் விழுந்து வணங்கிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பினான். பூசலாரோ எப்போதும் போல அந்தக் கோயிலில் தம் பூசையைத் தொடர்ந்தார்.

இன்று அந்த ஊரில் இருதயாலீசுவரர் என்ற பெயரில் ஒரு கற்கோயில் இருக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அங்கே வேண்டிக்கொள்கிறார்கள். பூசலாரின் கோயில் உள்ளத்தில் இருக்கிறது, அதுவே போதும் என்று பின்னால் வந்தவர்கள் விட்டுவிடவில்லை. கல் சுமந்தார்கள், சுவர் எழுப்பினார்கள். லிங்கம் இருக்கும் அதே கருவறைக்குள் பூசலாருக்கும் இடம் கொடுத்தார்கள்.